அதே கிணற்றில் குடித்து, அதே கிணற்றில் பாய்ச்சுகிறவர்களுக்கு

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கும் கடலுக்கும் நடுவே எங்களுக்கு 2 ஏக்கர் மணல் நிலம். தென்னை, அதன் ஒரு பக்கம் 40 சென்ட் மல்லிகை, 30 சென்டில் கத்தரியும் மிளகாயும். 14 அடி உறைகிணறு ஒன்றுதான். வீட்டுக்குக் குடிக்கவும் அதுவே. போன வாரம் மருந்து அடித்த மறுநாளே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினோம். "இந்த மருந்தெல்லாம் எங்கேடா போகுது, நம்ம கிணத்துக்குத்தானே?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பாசனத்தை மாற்றினால் இதைத் தடுக்க முடியுமா? சொட்டுநீர் போட்டால் போதுமா?

தம்பி, உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆமாம், கிணற்றுக்கும் போகிறது. எல்லா மருந்தும் போகாது. போகிற மருந்தும் தானாக நடந்து போவதில்லை, தண்ணீர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுவது நீங்கள். அதனால் பாசனத்தை மாற்றினால் பெருமளவு தடுக்கலாம். சொட்டுநீர் மட்டும் போதுமா என்றால், போதாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கரையில் நிலத்தடி நீர் இருக்கும் விதமே வேறு.

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கிணற்றில் இருக்கும் நல்ல தண்ணீர் எங்கோ மலையிலிருந்து ஊறி வருவதில்லை. நம் தலைமேல் பெய்த மழைதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடற்கரை மணலில் இரண்டு முழம் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களை நீங்களும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அவசரப்பட்டு மொண்டால் கலங்கும், ஆழத் தோண்டினால் கரிக்கும். அவர்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்ததைத்தான் 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும் வாக்கில் ஐரோப்பாவில் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கணக்காகப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அரை அடி இறங்கினால், நாளடைவில் உப்பு கீழிருந்து 20 அடி ஏறிவரும்.

இதில் மருந்துக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் நடப்பது ஒரு சுற்று. மேல்தண்ணீரை இறைக்கிறீர்கள், அதையே மணலில் விடுகிறீர்கள், செடி குடித்தது போக மிச்சம் அதே மேல்தண்ணீரில் போய்ச் சேருகிறது, மறுபடி இறைக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் உரத்தையும் மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. மருந்து அடித்த நிலத்துக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஆறேழு அடி மணல், அவ்வளவுதான். உள்ளே தள்ளிப் போனால் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் களிமண்ணும் கண்மாயும் இருக்கும். அங்கே கதை வேறு. இங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கத்தரி, மிளகாய் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். மணல், மேல் 1 அடியில் செடிக்குப் பயன்படும்படி பிடித்து வைப்பது ஏறத்தாழ 20 மி.மீ. தண்ணீர். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும் என்பது வழக்கம். அதாவது ஒரு பாய்ச்சலுக்குத் தேவை 10 மி.மீ.தான். நம் கணக்கில் சொன்னால் 1 சென்டுக்கு 400 லிட்டர், 30 சென்டுக்கு 12,000 லிட்டர். உங்கள் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் எண்ணுங்கள். 40 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லிட்டர். அப்படியானால் 12,000 லிட்டருக்கு 40 நிமிடம் போதும்.

நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் நம் பக்கத்தில் கடைசிப் பாத்தி நனையும்வரை ஓடும், அது இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு மணி நேரம் என்றால் 36,000 லிட்டர், 30 மி.மீ. தேவை போக 20 மி.மீ. கூடுதல். அது எங்கே போகும்? மணல் தன்னிடம் 10 சதவீத அளவுக்குத்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். அதனால் 20 மி.மீ. கூடுதல் தண்ணீர், வேருக்குக் கீழே இருக்கும் ஈரத்தை மேலும் 20 செ.மீ. கீழே தள்ளும். அதாவது அரை அடிக்கு மேல். வேரிலிருந்து தண்ணீர் மட்டம்வரை 5 அடி என்று வைத்தால், ஏழெட்டுப் பாய்ச்சலில் மேலே இருந்தது கீழே சேர்ந்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் விட்டால் ஒரு மாதம்கூட ஆகாது. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் பாத்திகளில் இதைவிட வேகமாகவே போகும், ஏனென்றால் கடைமடை நனைவதற்குள் அங்கே மூன்று மடங்கு இறங்கியிருக்கும்.

இந்தக் கணக்கு மண்ணில் ஒட்டாத மருந்துக்கு. ஒட்டுகிற மருந்து பின்தங்கிவிடும். எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அட்டைப்பெட்டியில் போடமாட்டார்கள், அதனால் சொல்கிறேன். இமிடாகுளோபிரிட் 1 லிட்டர் தண்ணீரில் 0.6 கிராம் கரையும், மணலில் சரியாக ஒட்டாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தயாமீதாக்சம் இன்னும் மோசம், லிட்டருக்கு 4 கிராம் கரையும். குருணையாக வரும் கார்போபியூரானும் நன்றாகக் கரைந்து வேகமாக இறங்கும் வகைதான். மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும். அதைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது என்று 2005-லேயே தடை இருக்கிறது, உங்கள் கத்தரியில் அதற்கு இடமே இல்லை. மறுபக்கம் குளோர்பைரிபாஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் கரையும், மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். சைபர்மெத்ரின் வகையும் அப்படியே. அவை கீழே இறங்குவதைவிட, மழையில் மண்ணோடு ஓடிப் பாக் நீரிணைப் பக்கம் போவதுதான் ஆபத்து. மீனுக்கும் இறாலுக்கும் அவை கடும் விஷம். கரைவது மட்டும் கணக்கில்லை என்பதற்குக் களைக்கொல்லியான கிளைபோசேட் உதாரணம். லிட்டருக்கு 10 கிராம் கரையும், ஆனாலும் களிமண்ணில் பட்டதும் பசைபோல ஒட்டிக்கொள்ளும். களியே இல்லாத நம் மணலில் அந்தப் பாதுகாப்பும் குறைவு.

வேறொரு மணல் கரையில் இது நடந்தே இருக்கிறது. அமெரிக்காவின் லாங் ஐலண்ட் தீவில் உருளைக்கிழங்குக்கு ஆல்டிகார்ப் என்ற குருணை மருந்தைப் போட்டு வந்தார்கள். மண்ணிலேயே சிதைந்துவிடும், கிணறுவரை போகாது என்று நம்பியிருந்தார்கள். 1979-ல் தொடங்கிக் கிணறுகளைச் சோதித்தபோது, லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற அந்த மாநில வரம்பைத் தாண்டியவை மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. 1980-ல் அந்த மருந்தை அங்கே விற்பதை நிறுத்தினார்கள். நம்மைப் போலவே மணல், மக்கு (மக்கிய இலைதழை) குறைவு, தண்ணீர் ஆழமில்லை. நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு: நம் மண் சூடு, தண்ணீர் காரத்தன்மை. கார்போபியூரான், ஆல்டிகார்ப் வகைகள் அதில் சீக்கிரம் சிதையும். ஆனால் இமிடாகுளோபிரிட் வகைக்கு அந்தச் சலுகை கிடையாது, இன்றைக்கு நம் ஆட்கள் அதிகம் அடிப்பதோ அதுதான்.

மருந்தைச் சிதைப்பது மண்ணிலிருக்கும் நுண்ணுயிர். அது மக்கும் ஈரமும் இருக்கும் மேல் ஒரு அடியில்தான் செழித்திருக்கும். அதைத் தாண்டிக் கீழே போய்விட்டால் உணவில்லை, உயிர் குறைவு, மருந்து சாவகாசமாகக் கிடக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், மருந்தை அந்த மேல் ஒரு அடியிலேயே நிறுத்தி வைத்து, அது அங்கேயே சாகும்வரை கீழே தள்ளாமல் இருப்பது. பாசன மாற்றம் எல்லாம் இதற்குத்தான்.

முதல் மாற்றம், மருந்துக்கு முன் தண்ணீர், பின் அல்ல. நீங்கள் செய்தது தலைகீழ். அடிக்கும் நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அளவாகப் பாய்ச்சிவிடுங்கள். செடி தெம்பாக இருக்கும், மருந்தும் நன்றாகப் பிடிக்கும். அடித்தபின் குறைந்தது இரண்டு நாள் தண்ணீர் வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு டிரம் கணக்குப்படி மட்டும், சென்டுக்கு 400 லிட்டர், ஒரு சொட்டு கூடுதலாக இல்லாமல். மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விடுவதுதான் முறை. தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று போடுகிறவர்களைப் பாருங்கள். கையால் தெளித்தே தண்ணீர் கொடுத்து, தமிழ்நாடு முழுவதும் நாற்று அனுப்புகிறார்கள். நாற்று காயாது, தண்ணீரும் கீழே வழியாது.

பாய்ச்சி முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாத்தியில் கையை விட்டு ஒன்றரை அடிக்குத் தோண்டிப் பாருங்கள். ஈர மணல் கருத்துத் தெரியும், அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கும். கருப்பு ஒரு அடியோடு நின்று, கீழே வெளிறி உதிர்ந்தால் சரியான அளவு. ஒன்றரை அடியிலும் கையில் தண்ணீர் பூசினால் நீங்கள் மருந்தைக் கிணற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலைப்புப் பாத்தியில் ஒரு குழி, கடைசிப் பாத்தியில் ஒரு குழி பாருங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் பாத்தியைக் குட்டையாக்குங்கள், மண் வாய்க்காலை விட்டுவிட்டுக் குழாயில் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பாத்தி வாசலில் விடுங்கள்.

அடுத்தது உப்பு. இதில்தான் நம் கரை விவசாயிகள் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் கிணறு கரிக்க ஆரம்பிக்கும். இலை நுனி கருகும். உடனே பெரியவர்கள், "உப்பைக் கழுவ நல்லா தண்ணி விடு" என்பார்கள். உப்பைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரைதான். வேர்ப்பகுதியில் சேர்ந்த உப்பைக் கீழே தள்ளக் கூடுதல் தண்ணீர் வேண்டும். ஆனால் உப்பைத் தள்ளும் தண்ணீர் மருந்தையும் தள்ளும், அதற்குப் பாகுபாடு தெரியாது. மல்லிகையில் மொட்டுப்புழுவும் சிலந்திப்பேனும் கூடி, நாம் அதிகம் மருந்தடிப்பதும் இதே மாதங்களில்தான். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் கிணறு கெடுகிறது. போதாக்குறைக்கு, கரிக்கும் கிணற்றில் கூடுதலாக இறைப்பது அடியிலிருந்து இன்னும் உப்பை மேலே இழுக்கிறது.

இதற்கு வழி, இரண்டையும் காலத்தால் பிரிப்பது. உப்பைக் கழுவும் வேலையை வடகிழக்குப் பருவமழையிடம் விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது, மணலில் அது உப்பை இலவசமாகக் கழுவிக் கொடுக்கும். பாத்தி வரப்பை மட்டும் கட்டி, மழை ஓடிவிடாமல் நிலத்திலேயே இறங்கச் செய்தால் போதும். கோடையில் கழுவியே ஆக வேண்டிய நிலை வந்தால், மருந்து அடிப்பதற்கு முந்தின பாய்ச்சலில் கழுவுங்கள். அடித்து மூன்று வாரத்துக்குள் ஒருபோதும் வேண்டாம்.

அப்படியானால் மழைக்காலத்தில் மண்ணில் மருந்து இருக்கக் கூடாது என்பதும் தானாகவே வருகிறது. புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடியும்வரை குருணை போடுவது, வேரில் மருந்து ஊற்றுவது இரண்டையும் அடியோடு நிறுத்திவிடுங்கள். அப்போது இறங்கும் தண்ணீர்தான் அடுத்த ஒரு வருடத்துக்கு உங்கள் வீட்டுக் குடிநீர். மல்லிகையில் இது கஷ்டமில்லை. கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டால் அடிப்பதற்கு இலையும் மொட்டும் இருக்காது, கவாத்துக் குப்பையை அகற்றி எரித்தாலே அடுத்த பருவத்துப் பூச்சியில் ஒரு பங்கு குறையும். மிளகாய்க்கு நாற்று விடும்போது விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், அடியில் வேப்பம்புண்ணாக்கு என்று போய்விடுங்கள்.

சரி, சொட்டுநீர். போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஆனால் சொட்டுநீர் போட்ட தோட்டத்திலும் மருந்து கீழே இறங்கும். ஒரே இடத்தில் நாலு மணி நேரம் சொட்டவிட்டால், சொட்டுவானுக்கு நேர்கீழே மணலில் ஒரு தூண் மாதிரி ஈரம் இறங்கிக்கொண்டே போகும். மணலில் பக்கவாட்டில் பரவாது. அதனால் ஒரே தடவையில் மணிக்கணக்காக விடாமல், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து விடுங்கள். தென்னைக்குக் கோடையில் ஒரு நாளைக்கு மரத்துக்கு 65 லிட்டர் அளவு போதும், அதை மரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சொட்டுநீரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. உரத்தையும் மருந்தையும் வெஞ்சுரி (கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) வழியாகக் குழாயில் ஏற்றிவிடும்போது கரண்ட் போனால், குழாயில் இருப்பது பின்னோக்கிக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். ஒரு நொடியில் ஒரு வாளி மருந்துத் தண்ணீர் நேராகக் குடிநீரில். மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் நடுவே தண்ணீரைப் பின்னால் திரும்ப விடாத நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றுக்குள் குழாயிலிருந்து தண்ணீர் சலசலவென்று விழும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டால் வால்வு பிடிக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், குடிக்கிற கிணற்றோடு இணைந்த குழாயில் உரம் மட்டும் விடுங்கள், மருந்தை ஏற்றவே வேண்டாம்.

இனி, பாசனத்தோடு நேரடியாகச் சேராத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்: கிணற்றடி. தெளிப்பானில் தண்ணீர் பிடிப்பது அங்கே, மருந்து கலப்பது அங்கே, முடித்துவிட்டுக் கழுவுவதும் அங்கே. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் கழுவி ஊற்றிய வெள்ளைத் தண்ணீர் உறையின் சிமெண்ட் விளிம்பில் ஓடி, விரிசல் இருந்த இடத்தில் மணலுக்குள் மடமடவென்று இறங்கியது. அரைநிமிடத்தில் இடம் காய்ந்துவிட்டது. அந்த விரிசலுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், குடத்துக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

கணக்கு இதுதான். 3 அடி விட்டமுள்ள உறையில் 6 அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1,200 லிட்டர். 17.8 சதவீத இமிடாகுளோபிரிட்டை லிட்டருக்கு அரை மில்லி கலந்து அடித்து, டேங்கின் அடியில் அரை லிட்டர் மிச்சம். அதில் இருக்கும் விஷம் 50 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. அது முழுவதும் கிணற்றில் போனால் லிட்டருக்கு சுமார் 40 மைக்ரோகிராம். குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதைப்போல 400 மடங்கு. அந்த விதி மிகக் கண்டிப்பானது, 400 மடங்கு குடித்தால் உடனே ஆள் விழுந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. ஆனால் தினமும் குடிக்கிற தண்ணீர் அல்லவா, வீட்டில் பிள்ளைகள் அல்லவா. நம் இந்தியத் தரநிர்ணயத்திலும் சில மருந்துகளுக்கு வரம்பு உண்டு: மோனோகுரோட்டோபாஸ் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், போரேட் 2. ஒரு கிராம் மோனோகுரோட்டோபாஸ் 10 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

நிலத்தில் பரவலாக அடிக்கும் மருந்துக்காவது மேல்மண்ணில் சாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிணற்றடியில் ஊற்றியதற்கு அதுகூட இல்லை. ஆகவே தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய், கிணற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் கலக்குங்கள். டேங்கை மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தக் கழுவலையும் அதே செடிகள் மேலேயே அடித்துவிடுங்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவே கலந்தால் மிச்சமே வராது. கலக்குகிற இடத்தில் சிந்துவதற்கு ஒரு குழி போடலாம்: தார்ப்பாய் விரித்த மூன்றடிக் குழியில் பாதி வைக்கோல், கால் பங்கு தென்னை நார்க்கழிவு, கால் பங்கு வண்டல் மண். சுவீடனில் 1990-களில் இப்படித் தொடங்கினார்கள். அங்கே நார்க்கழிவுக்குப் பதில் வேறு மக்கு போடுவார்கள். வைக்கோலில் வளரும் பூஞ்சை மருந்தைத் தின்றுவிடும். மழை உள்ளே விழாமல் மேலே ஓர் ஓலைக்கூரை வேண்டும்.

கிணற்று உறையைத் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு உயர்த்தி, சுற்றிலும் வெளிச்சாய்வாகச் சிமெண்ட் தளம் போட்டு, விரிசலை அடையுங்கள். கிணற்றைச் சுற்றி 50 அடிக்கு மருந்தே அடிக்காதீர்கள். இறைக்கும்போது கிணறு தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீரைத்தான் முதலில் இழுக்கும். குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கக்கூட விடாத ஊர்க்காரர்கள் நாம். அதே கட்டுப்பாடு வீட்டுக் கிணற்றுக்கும் வேண்டும். பழைய தூர்ந்த கிணறு ஏதாவது தோட்டத்தில் இருந்து, அதில் காலி பாட்டில்களைப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது மேல்தண்ணீருக்குப் போட்ட நேர்வழி.

மணலின் குணத்தை ஓரளவு மாற்றவும் முடியும். கண்மாய் வண்டல் அடித்தால் களி கூடும், மருந்து ஒட்ட இடம் கிடைக்கும், தண்ணீரும் நிற்கும். கோடையில் கண்மாய் தூர்வாரும்போது விவசாயிகளுக்கு அனுமதி கொடுக்கிறார்கள், நாலைந்து டிராக்டர் வண்டலாவது கொண்டுவந்து முதலில் காய்கறி நிலத்தில் போடுங்கள். தக்கைப்பூண்டு உவரைத் தாங்கும், அதை விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். தேங்காய் மட்டையை எரிக்காமல், குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி தென்னை வரிசைக்கு நடுவே அடுக்கிப் புதையுங்கள். ஒரு மட்டை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

தென்னைக்கு மருந்தே பெரும்பாலும் தேவையில்லை. இப்போது எல்லோரையும் பயமுறுத்தும் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது. அதற்கு மருந்தடித்தால் அதை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் முதலில் சாகும், ஈ மறுபடி பெருகும். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் அடிப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும் போதும். காண்டாமிருக வண்டுக்கு முன்பு குருத்தில் போரேட் குருணை வைப்பார்கள். அந்த மருந்து 2020 கடைசியோடு நாட்டிலேயே தடையாகிவிட்டது, பழைய பொட்டலம் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வேப்பங்கொட்டைத் தூளை இரண்டு பங்கு மணலோடு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்து மட்டையிடுக்கில் வைத்தால் வண்டு அண்டாது. எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைத் தூவினால் புழுவிலேயே அழியும். இதற்கெல்லாம் இராமநாதபுரத்தில் இருக்கும் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

கடைசியாக, கிணறு ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்து வாசம் வருகிறதா என்று பார்த்துப் பயனில்லை, இந்த அளவுகளில் வாசமே வராது. வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் பார்ப்பார்கள். பூச்சிக்கொல்லி அதில் தெரியாது. அதைப் பார்க்கக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோன்ற எச்ச ஆய்வுக்கூடம் வேண்டும், செலவும் கூடும். அதற்கு முன் மலிவான வழி ஒன்று: நைட்ரேட்டைப் பாருங்கள். நீங்கள் போடும் யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட் மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதி. உங்கள் கிணற்றில் அது கூடுதலாக இருந்தால், மேலிருந்து கீழே பாதை திறந்திருக்கிறது, மருந்தும் அதே பாதையில் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பணம் செலவழித்து எச்சப் பரிசோதனை செய்யுங்கள், எந்தெந்த மருந்து அடித்தீர்கள் என்ற பட்டியலையும் கூடவே கொடுங்கள். பெயர் தெரியாமல் தேடுவது கஷ்டம்.

கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்று அம்மா நினைத்தால், பெரும்பாலான மருந்துகளுக்கு அது உதவாது என்று சொல்லுங்கள். தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அடர்த்திதான் கூடும். குளோரினும் இதற்கு நம்பத்தகுந்த மருந்தல்ல. ஆர்.ஓ. கருவி பெரும்பாலானதை நீக்கும். உங்கள் தெருவுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருமானால், குடிக்கவும் சமைக்கவும் இப்போதைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். வசதி வரும்போது, தோட்டத்தில் உயரமான மணல்மேடு எதுவோ, மருந்து அடிக்காத பக்கம் எதுவோ, அங்கே குடிப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன உறை இறக்குங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் மேல்தண்ணீர் நகரும், தோட்டத்து மருந்து மேட்டுக்கு ஏறாது. அதில் மோட்டார் வைக்காதீர்கள், வாளியும் கயிறும் போதும்.

இப்போதைய நைட்ரேட் அளவை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை மறுபடி பாருங்கள். மூன்று எண்ணையும் எனக்கு அனுப்பினால், பாய்ச்சலை இன்னும் குறைக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.